யந்திர எண்ணெயும் அதன் பாகுத்தன்மையும்

மோட்டார் யந்திரத்தில் ஒன்றோடொன்று உராயும் உலோகப் பகுதிகளுக்கிடையே மெல்லிய படலமாய் நின்று, அவை தேயாமற் காப்பது எண்ணெய். அப்படலம் நிலைத்தற்குக் காரணமாகிய குணம் பாகுத்தன்மை எனப்படும். அஃதாவது, ஒரு திரவம் ஓடுதற்குத் தன்னுள்ளேயே காட்டும் எதிர்ப்பு. தேன் மெல்ல ஒழுகுதலும் நீர் விரைந்தோடுதலும் இதனாலேயாம்.

எவ்வெண்ணெயும் உஷ்ணத்தால் இளகும், குளிரால் தடிக்கும். குளிர்ந்த யந்திரம் புறப்படுங்கால் எண்ணெய் விரைந்து சென்று சேர்தல் வேண்டும். யந்திரம் காய்ந்தபின் அது நீர்த்துப் போகலாகாது. இவ்விரண்டும் ஒருங்கே எய்துதல் அரிது. இம்மாறுதலை அளக்க 1929-ஆம் ஆண்டில் டீன், டேவிஸ் என்னும் இருவர் அமெரிக்காவில் பாகுக் குறியெண்ணை வகுத்தனர். மிகுதியாக மாறிய வளைகுடாக் கரை எண்ணெய்க்குப் பூஜ்யமும், குறைவாக மாறிய பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100-உம் அளித்தனர்.

பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறுவது சாதாரண எண்ணெய். அதில் பலவேறு வடிவுள்ள மூலக்கூறுகளோடு சிறிது மெழுகும் எஞ்சி நிற்கும். கடுங்குளிரில் அம்மெழுகு படிகமாகி ஓட்டத்தைத் தடுக்கும். செயற்கை எண்ணெய்களுள் ஒன்றாகிய பாலி ஆல்ஃபா ஓலிஃபினோ, எதிலீன் வாயுவை மூலமாகக் கொண்டு படிப்படியாக ஆக்கப்படுவது. அதன் மூலக்கூறுகள் பெரிதும் ஒரே தன்மையன, மெழுகும் இல்லை. ஆகவே அதன் குறியெண் பெரும்பாலும் 120-க்கு மேற்பட்டு நிற்கும்.

இருவகைக் கலங்களிலும் ‘5டபிள்யூ-30’ என்றே பொறித்திருப்பின் வேற்றுமை யாது என்று வினவலாம். முதலெண் குளிர்காலத் தன்மையையும், பின்னெண் காய்ந்த நிலையையும் குறிப்பன. 100 பாகை சென்டிகிரேடில் இரண்டும் 9.3-க்குக் குறையாமலும் 12.5 சென்டிஸ்டோக்கை எட்டாமலும் இருத்தல் வேண்டும். ஆதலின், செயற்கை எண்ணெய் எப்போதும் இளக்கமானது என்னும் கருத்துப் பொருந்தாது. வேற்றுமை அவ்வெல்லையை அடையும் வழியிலும், அதில் நிலைக்கும் காலத்திலுமே உள்ளது. சாதாரண எண்ணெய் அவ்விரு நிலைகளுக்கும் ஈடுகொடுக்க நீண்ட பாலிமர்ச் சேர்க்கைகள் மிகுதியும் வேண்டும். அவை யந்திரத்தின் நெருக்கத்தில் அறுபட, பாகுத்தன்மை நாளடைவில் குறையும். செயற்கை எண்ணெய்க்கு அச்சேர்க்கை குறைவாகவே வேண்டுமாதலின், அக்குறைவும் சிறிதாம்.

விலையுயர்வு ஒன்றையே பற்றி எண்ணெயைத் தேர்தல் தகாது. யந்திரம் செய்தோர் விதித்த அளவெண்ணையும் தரத்தையுமே முதற்கண் நோக்குவோமாக. கடுங்குளிரும் ஓயா உழைப்பும் உள்ளவிடத்துச் செயற்கை எண்ணெய்க்கு ஈந்த பொருள் வீண்போகாது. மற்றையிடங்களில், செய்தோர் இசையின், குறித்த காலந்தவறாது மாற்றப்படும் சாதாரண எண்ணெயும் யந்திரத்தை இனிது காக்கும்.