கைத்தொழில் பாடம்: அன்பளிப்பாக ஒரு குரோஷா ஷால்



குரோஷா நம் வீடுகளுக்குப் புதிதல்ல. தொழுகைக்குப் போடும் வெள்ளை வலைத் தொப்பி குரோஷா ஊசியில் பின்னுவதுதான். மதரஸாவில் ஓதிய காலத்தில் அஸர் தொழுதுவிட்டு மஃரிபு வரைக்கும் நாங்கள் தொப்பி பின்னுவோம். ஆகவே இது பெண்களுக்கு மட்டும் உரிய வேலை என்று ஆண்கள் யாரும் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். தொப்பி பின்னிப் பழகிய கைக்கு இந்த ஷால் ஒரு மணி நேரத்தில் பிடிபடும். ஊசியே பிடிக்காதவர்களுக்கு ஒரு வாரம் ஆகலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நமது அறக்கட்டளையின் உதவி பெறும் குடும்பங்களில் சிலர், சொந்தக்காரர் வீட்டு நிக்காஹுக்கும் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வீட்டுக்கும் போவதை நிறுத்திவிட்டார்கள். கேட்டால், "கவரில் வைக்க ஒன்றுமில்லை, வெறுங்கையோடு எப்படிப் போவது?" என்கிறார்கள். உறவு இப்படித்தான் சத்தமில்லாமல் அறுகிறது. கடன் வாங்கி மொய் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது அதைவிட மோசம். கையால் பின்னிய ஷாலுக்கு நூலும் ஊசியும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஒழுங்காகச் செய்திருந்தால் அதைப் பெறுகிறவர் கண்ணுக்கு அது மலிவான பொருளாகத் தெரியாது. அந்த ஒழுங்குக்குத்தான் இந்தப் பாடம்.

முதலில் நூல். கம்பளி வேண்டாம், அக்ரிலிக்கும் வேண்டாம். நம் ஊர் வெயிலில் இரண்டும் கழுத்தில் வேர்க்க வைக்கும். குரோஷாவுக்கென்று விற்கும் பளபளப்பான பருத்தி நூலில் பத்தாம் நம்பர் வாங்குங்கள். இந்த நூலில் நம்பர் கூடக்கூட இழை மெலியும். இருபதாம் நம்பர் இன்னும் நேர்த்தியாக வரும், ஆனால் புதிதாகப் பழகுபவர்களுக்குக் கண் வலிக்கும். பத்தாம் நம்பருக்கு வழக்கமாகப் பிடிக்கும் ஊசி ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். அதில் பின்னினால் தொப்பியைப் போல விறைத்து நிற்கும். நாம் 2.5 மில்லிமீட்டர் ஊசி எடுத்துக்கொள்வோம். ஷால் காற்றில் அசைய வேண்டுமானால் இழைக்கு நடுவே இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவது பெரிய ஊசிதான். நூல் உருண்டைகளை ஒரே தடவையில் வாங்குங்கள், லேபிளில் உள்ள சாய எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேறு சாய எண் என்றால் பகல் வெளிச்சத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

பின்னல் இரண்டே வகை: சங்கிலி, கம்பம். கம்பம் என்று நான் சொல்வதைப் பிரிட்டிஷ் புத்தகங்கள் டிரெபிள் என்கின்றன, அமெரிக்க வீடியோக்களில் அதையே டபுள் என்கிறார்கள். இந்தக் குழப்பத்திலேயே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையம் இருக்கும். நூலைப் பிடித்து இரண்டு வளையத்துக்குள் இழுங்கள், இரண்டு மிஞ்சும். மறுபடி பிடித்து அந்த இரண்டுக்குள்ளும் இழுங்கள், ஒன்று மிஞ்சும். அதுதான் ஒரு கம்பம். ஒரே கண்ணியில் ஒரு கம்பம், ஒரு சங்கிலி, மறுபடி ஒரு கம்பம் போட்டால் ஆங்கில வி எழுத்தைப் போல விரிந்து நிற்கும். ஷால் முழுவதும் இந்த வி மட்டும்தான்.

ஷாலைத் தொடங்குமுன் ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். இதற்குச் சோம்பல்படுகிறவர்கள் பிறகு முழு ஷாலையும் பிரிக்கிறார்கள். 22 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து ஐந்தாவது சங்கிலியில் முதல் வி. பிறகு இரண்டு சங்கிலி விட்டு அடுத்ததில் ஒரு வி என்று போனால் ஆறு வி வந்து, கடைசியில் இரண்டு சங்கிலி மிஞ்சும். ஒன்றை விட்டு, கடைசிச் சங்கிலியில் ஒரு கம்பம் போட்டு முடியுங்கள். அடுத்த வரிசைக்கு மூன்று சங்கிலி ஏற்றித் துண்டைத் திருப்பி, கீழ் வரிசையின் ஒவ்வொரு வி நடுவிலும் ஒரு வி போடுங்கள். முடிவில், கீழே ஏற்றிய மூன்று சங்கிலியின் உச்சியில் ஒரு கம்பம். இந்தக் கடைசிக் கம்பத்தை மறப்பவர்களுக்குத்தான் ஓரம் கோணிக்கொண்டு போகும். பத்து வரிசை ஆனதும் துண்டை நனைத்து, விரித்துக் காயவைத்து அளந்து பாருங்கள்.

ஆறு வி 9 சென்டிமீட்டர் வந்தது என்று வையுங்கள். 45 சென்டிமீட்டர் அகலத்துக்கு 30 வி வேண்டும். வி எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி நான்கைக் கூட்டினால் சங்கிலிக் கணக்கு: 94. பத்து வரிசையின் உயரமும் 9 சென்டிமீட்டர் என்றால் 160 சென்டிமீட்டர் நீளத்துக்கு 178 வரிசை. உங்கள் கையின் இறுக்கத்துக்கு இந்த எண்கள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. தொடக்கச் சங்கிலியை மட்டும் கொஞ்சம் தளர்வாகப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த முனை சுருங்கி நிற்கும். நூல் தீர்ந்தால் வரிசையின் ஓரத்தில் மாற்றுங்கள். நடுவில் முடிச்சுப் போட்டால் அது வலையில் கல்லைப் போலத் தெரியும். முத்து, குஞ்சம், சரிகை எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. மெல்லிய பொருளில் அவை கனத்தைத்தான் கூட்டுகின்றன.

ஒரு வரிசைக்கு எட்டு நிமிடம் ஆனால் 178 வரிசைக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குபவருக்கு 24 நாள். பெருநாளைக்குக் கொடுப்பதானால் ரஜபிலேயே ஊசியை எடுங்கள். நோன்பு மாதத்து நேரத்தை இதற்குச் செலவிடுவது சரியாகப் படவில்லை.

இந்த 24 மணி நேரத்தை மறக்க வேண்டாம். நெசவுக்கும் நிட்டிங்குக்கும் இயந்திரம் உண்டு. குரோஷாவை அப்படியே பின்னித் தரும் இயந்திரம் இல்லை. கடையில் மலிவாகத் தொங்கும் உண்மையான குரோஷா துணி ஒவ்வொன்றும் எங்கோ ஒருவருடைய கையில் பின்னப்பட்டது. ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நரசாபுரம் சுற்று வட்டாரத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷா லேஸ் பின்னி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி ஆராய்ந்து 1982-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டில் இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று பெயர் வைத்ததால்தான் அவர்கள் உழைப்புக்குக் கூலி அவ்வளவு குறைவாக இருந்தது என்பது அவர் கண்டது. நம் தெருவிலும் இது நடக்கிறது. "நீ சும்மாதானே இருக்கிறாய் லாத்தா, எனக்கும் ஒன்று பின்னிக் கொடேன்" என்று கேட்பவர்கள், நூலை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தானாக மனமுவந்து கொடுத்தால் அது ஹதியா. கேட்டு வாங்கினால் மணிக்கணக்கைப் பார்த்துக் கூலி கொடுங்கள். பின்னுகிறவர்களும் ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்து வையுங்கள், கேட்கக் கூச்சம் குறையும்.

பின்னி முடித்தபோது ஷால் கசங்கிய வலையைப் போலத்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்து அலசி, முறுக்காமல் துவாலையில் சுருட்டி ஈரத்தை ஒற்றுங்கள். பாயின் மேல் வெள்ளைத் துணி விரித்து, அதில் ஷாலை அளவுக்கு இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசியால் ஓரங்களைக் குத்தி நிழலில் உலர விடுங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு கண்ணும் திறந்திருக்கும்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். இடைவெளி உள்ள பின்னல் என்பதால் இது முக்காட்டுக்கு மாற்று ஆகாது. தோளிலோ, தலைத்துணியின் மேலோ போட்டுக்கொள்ளத்தான். மணப்பெண்ணுக்கு வெளிர் நிறம் பொருந்தும். பிள்ளை பெற்றவருக்கு அடிக்கடி துவைத்தாலும் தாங்கும் நிறமாகப் பாருங்கள். கைக்குழந்தைக்குப் போர்த்த இது கூடாது, விரல் கண்ணியில் மாட்டும்.

ஷாலை மடித்துக் கொடுங்கள். கொக்கியில் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே நீண்டுவிடும் என்பதையும், கையால்தான் துவைக்க வேண்டும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். அதே நூலில் நான்கைந்து மீட்டர் சுற்றி அந்தச் சீட்டோடு சேர்த்து வைத்தால், என்றாவது ஒரு கண்ணி அறுந்தால் அவர்களே எடுத்துக் கட்டிக்கொள்வார்கள்.