சோறு குறையட்டும், காய்கறி குறைய வேண்டாம்!



ஒரு காலத்தில் நம் லயத்து வீடுகளில் வீட்டுக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் இருந்தார்கள். அடுப்பில் பெரிய பானை கொதிக்கும். இன்று கேரித் தீவு, பந்திங், காப்பார் பக்கத் தோட்டங்களில் பாருங்கள். பல வீடுகளில் கணவன், மனைவி, அதிகம் போனால் ஒரு பிள்ளை. மற்றப் பிள்ளைகள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வேலை பார்த்துக்கொண்டு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அங்கேயும் ஒருவர், இருவர்தான். குடும்பம் சின்னதாகிவிட்டது. அதோடு சேர்ந்து சாப்பாடும் சின்னதாகிவிட்டது. அதனால் வருகிற கேட்டைப் பற்றித்தான் இம்முறை பேசப் போகிறோம்.

"ரெண்டு பேருக்கு என்னத்தப் பெருசா சமைக்கிறது, டிரெசர் ஐயா? சோத்த வடிச்சு, நேத்து வச்ச குழம்பச் சுட வச்சா முடிஞ்சு போச்சு" என்று சொல்பவர்கள் நம்மில் அதிகம். சொல்வதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஆள் குறைந்ததும் முதலில் நின்றுபோவது எது? கீரை நிற்கிறது. பிறகு பருப்பு நிற்கிறது. பிறகு மீன் நிற்கிறது. சோறு மட்டும் நிற்பதே இல்லை! தட்டு நிறையச் சோறு, அதன்மேல் மூன்று நாள் குழம்பு, ஓரத்தில் ஓர் அப்பளம். வயிறு நிறைந்துவிடுகிறது, உடம்புக்கு ஒன்றும் சேர்வதில்லை.

நம்மவர் நிலைமை என்ன?

2019ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பது அதில் தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். அதாவது மூன்று இனங்களிலும் நாம்தான் முன்னால் நிற்கிறோம். இதில் முதலிடம் வாங்கி என்ன பயன்? அதே ஆய்வில், பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இரத்தசோகை இருப்பதும் தெரிந்தது.

ஒரே வீட்டில் அப்பாவுக்குச் சீனி வியாதி, மகளுக்கு இரத்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள்தான். வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சோறு மிகுந்து, கீரையும் பருப்பும் மீனும் குறைந்த தட்டு இரண்டுக்குமே துணை போகிறது.

அரிசி சொன்ன பாடம்

தட்டில் இருப்பது ஆளைக் காப்பாற்றும், அல்லது கவிழ்க்கும் என்பதற்கு நம் கோலாலம்பூரிலேயே நடந்த சான்று ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. கால் வீங்கும், நடை தளரும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அது அதிகமாக வந்தது. புழுங்கலரிசிச் சோறு தின்ற தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை.

1905ஆம் ஆண்டு டிசம்பரில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்குப் புழுங்கலரிசி. மற்றச் சாப்பாட்டில் வித்தியாசம் இல்லை. கட்டடத்தில் கோளாறோ என்ற சந்தேகம் வராமலிருக்க, நடுவில் இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் பார்த்தார். ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை!

காரணம் அப்போது முழுதாகத் தெரியாது. இன்று தெரியும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. நம் பாட்டிமார் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஆனாலும் அவர்கள் அவித்துக் காயவைத்த அரிசி உயிர்களைக் காத்தது.

ஆகவே முடிந்தவர்கள் புழுங்கலரிசியையே வாங்குங்கள். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா கடைகளிலும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கிறது. ஒன்றிரண்டு தரம் கழுவினால் போதும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: புழுங்கலரிசி என்றாலும் அது சோறுதான். அளவு மீறினால் அதுவும் சீனியை ஏற்றும்.

தட்டை எப்படிப் பிரிப்பது?

அரசாங்க கிளினிக்கில் சுவரில் ஒட்டியிருக்கும் தட்டுப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். "சுக்கு, சுக்கு, செப்பாரோ" என்பார்கள். அதாவது கால், கால், அரை. உங்கள் மங்குத் தட்டில் குறுக்கே ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி முழுவதும் காய்கறி, கீரை, பழம். மற்றப் பாதியில் கால் பங்கு சோறு. இன்னொரு கால் பங்கு மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு.

"வெளிக்காட்டுல குலை வெட்டுறவனுக்குக் கால் தட்டுச் சோறு காணுமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காலை முதல் குலை வெட்டித் தூக்குகிறவருக்குக் கூடுதல் சோறு வேண்டும். அவர் உடம்பு அதை எரித்துவிடும். ஆனால் வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் அதே அளவு சாப்பிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் சீனி எங்கே போகும்? இரத்தத்தில்தான் நிற்கும்.

இரண்டு பேர் வீட்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பழைய சின்னப் பால் டின்னால் ஒரு டின் அரிசி ஏறக்குறைய கால் கிலோ. ஓய்வாக இருக்கும் இருவருக்குப் பகலுக்கும் இரவுக்கும் சேர்த்து அது போதும். மிஞ்சுகிற சோற்றைப் பானையிலேயே இரவு வரை விடாமல், இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஒரு தரம் நன்றாகச் சுடவைத்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். குழம்பும் அப்படியே. மூன்று நாள் சுடவைத்த குழம்பில் நீர் வற்றி உப்புத்தான் கூடுகிறது.

அரை மணி நேரச் சமையல் மூன்று

கீழே உள்ளவை எல்லாம் இரண்டு பேருக்கான அளவு. முதலில் சோற்றை வைத்துவிடுங்கள். அது வேகுமுன் மற்றது முடிந்துவிடும்.

1. பருப்புக் கீரை. மைசூர் பருப்பு இரண்டு பிடி. இது ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் வெந்துவிடும். மூன்று குவளைத் தண்ணீர், மஞ்சள் தூள், நாலு சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய் போட்டு வேகவிடுங்கள். குழைந்ததும் இரண்டு பெரிய பிடி கீரையை நறுக்கிப் போட்டு நன்றாக வேகவையுங்கள். உப்பு அரைத் தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அந்தப் புளிப்பு கீரையில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளத் துணை செய்யும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் இரும்புச் சத்து சேர்வது குறைந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

2. மீனும் காயும் ஒரே சட்டியில். கெம்போங் மீன் இரண்டு. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, மீன் மசாலாத் தூள் ஒரு மேசைக்கரண்டி, வெங்காயம், தக்காளி சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். தேங்காய்ப் பால் வேண்டாம். கத்தரிக்காய் இரண்டு, வெண்டைக்காய் ஆறு நறுக்கிப் போட்டு, பாதி வெந்ததும் மீனைப் போடுங்கள். எட்டு நிமிடத்தில் இறக்கலாம். மீன் கிடைக்காத நாளில் சாடின் டின் உதவும். அதன் முள்ளும் மென்று தின்னக்கூடியது, எலும்புக்கு நல்லது. டின்னில் உள்ள சாற்றில் பாதியை விட்டுவிட்டு, உப்புப் போடாமல் வையுங்கள்.

3. பயிற்றங்காய், முட்டை. ஒரு கட்டுப் பயிற்றங்காயைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கித் தண்ணீர் தெளித்து மூடுங்கள். வெந்ததும் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். முட்டைக்குப் பதில் ஒரு பிடி நெத்திலியும் போடலாம். நெத்திலியைத் தலை கிள்ளி, சுடுதண்ணீரில் பத்து நிமிடம் போட்டு இரண்டு தரம் அலசினால் உப்பு குறையும். அதற்கு மேல் உப்பு வேண்டாம்.

கீரை பறிக்கும்போது கவனம்

வேலியில் முருங்கை, வாசலில் பசலை, சயூர் மானிஸ். இவை காசு கொடுத்து வாங்க வேண்டாதவை. ஒரு பக்கெட்டில் மண் போட்டாலும் பசலை வளரும். ஆனால் மருந்தடித்த செம்பனை நிரைகளில் முளைத்திருக்கும் கீரையைப் பறிக்கவே கூடாது. பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது உண்மைதான். அதற்காக இப்போது அடிக்கிற மருந்து தின்னத் தக்கது என்று ஆகிவிடாது. மருந்தடிக்கும் சகோதரிகள் வீட்டுக்கு வந்ததும் குளித்து, உடை மாற்றிய பிறகே அரிசியில் கை வைக்க வேண்டும்.

சயூர் மானிஸ் கீரையை வேகவைத்தே சாப்பிடுங்கள். உடம்பு மெலியும் என்று தைவானில் 1990களில் பலர் அதைப் பச்சையாக அரைத்துச் சாறு குடித்து, நுரையீரல் கெட்டுப்போனார்கள்.

டின் பாலும் மேகி மீயும்

பிரட்டுக்குப் போகுமுன் பலருக்குப் பசியாற ஒரு குவளைத் தேத்தண்ணீரும் நாலு பிஸ்கட்டும்தான். அந்தத் தேத்தண்ணீரில் விழுகிற டின் பாலில் பாதி சீனி. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் நாலு தேக்கரண்டிச் சீனி போட்டதற்குச் சமம். இப்போது கடையில் விற்கும் டின்களில் பல, பால்கூட அல்ல. செம்பனை எண்ணெயும் சீனியும் கொஞ்சம் பால் மாவும் கலந்த கிரீமர். நாம் வெட்டிய குலை நமக்கே இப்படித் திரும்பி வருகிறது! ஒரே நாளில் விட முடியாதவர்கள் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். பசியாற ஓர் அவித்த முட்டையோ, ஒரு பிடி அவித்த பயறோ சேருங்கள்.

பிரிக்பீல்ட்சில் தனி அறையில் இருக்கும் மகனுக்கும் ஒரு வார்த்தை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேகி மீ பாக்கெட்டில் ஏறக்குறைய அதில் பாதி இருக்கிறது. மசாலாவில் பாதியைப் போட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி பாயாம் கீரையும் சேர்த்துக்கொண்டால், அவசரத்துக்கு அது பரவாயில்லை. தினமும் வேண்டாம்.

மாத்திரை போடுகிறவர்களுக்கு

சீனி வியாதிக்கு மாத்திரை விழுங்குகிறவர்கள், ஊசி போடுகிறவர்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். "ஒருத்திக்காக எதுக்கு அடுப்பு மூட்டணும்" என்று மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் படுத்தால், சில மருந்துகளில் சீனி அளவுக்குமேல் இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். சீனி ஏறினால் மெதுவாகக் கெடுக்கும். இறங்கினால் அப்போதே ஆளைச் சாய்த்துவிடும். இப்படி வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பிறகு சாப்பிட்டு, டிரெசரிடம் சொல்லுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கீரை, பருப்பு அளவை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக ஆண் தோழர்களுக்கு ஒன்று. சோறாக்குவது பெண்ணின் வேலை என்று எந்தச் சம்பள ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கவில்லை. மனைவி இறந்த பிறகு உலை வைக்கத் தெரியாமல், கடைச் சாப்பாட்டிலேயே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த அம்மாள் இருக்கும்போதே பருப்புக் கீரையை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சீனியும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். காலில் புண் வந்து ஆறாவிட்டால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு பேர் என்றால் இரண்டு பிடி பருப்பு, இரண்டு பிடி கீரை. அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது.