குளிரின் விலை

சித்திரைத் திங்களின் நண்பகல். திருமணப் பட்டு வாங்கும் பொருட்டுச் சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தினர் மோட்டார் வண்டியில் காஞ்சிபுரம் வந்து, காந்தி சாலையிலுள்ள கடையொன்றினுள் நுழைகின்றனர். கூறைப் புடைவையின் கரையையும் முந்தியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே இரண்டு மணி நேரம் கழிகின்றது. வெளியே ஓட்டுநர், எஞ்சினை நிறுத்தாமல், குளிர்சாதனத்தை இயக்கியபடி வண்டிக்குள் அமர்ந்திருக்கின்றார். வண்டி ஓரடியும் நகரவில்லை; ஆயினும் பெட்ரோல் குறைந்துகொண்டே இருக்கின்றது. இஃது எவ்வாறு?

குளிர்சாதனம் குளிரைப் படைப்பதன்று. உள்ளேயுள்ள வெப்பத்தை முகந்து வெளியே கொட்டுவதே அதன் தொழில். கிணற்று நீர் தானே மேலேறுவதில்லை. ஏற்றமிறைப்பவர் தம் உடல் வலிமையைச் செலவிட்டே அதனைக் கொணர்கின்றார். அவ்வாறே, குளிர்ந்த இடத்து வெப்பமும் வெம்மை மிக்க இடத்திற்குத் தானே செல்லாது. அதனை ஏற்றி அனுப்புவது கம்ப்ரஸர் என்னும் கருவி. எஞ்சினின் சுழற்சியை ஒரு பெல்ட்டின் வாயிலாகப் பெற்று, அது குளிராக்கும் வாயுவை அழுத்துகின்றது. அழுத்தத்தால் சூடேறிய வாயு, வண்டியின் முகப்பிலுள்ள குழாய்ச் சுருளில் தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு அளித்து நீர்மமாகின்றது. அந்நீர்மம் அழுத்தம் தளர்ந்து மீண்டும் ஆவியாகும்பொழுது, வண்டிக்குள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றது. இவ்வளவிற்கும் வேண்டிய ஆற்றல் பெட்ரோலிலிருந்தே வருதல் வேண்டும்.

நின்ற நிலையில் இவ்வாறு இயங்கும் வண்டி, ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்துவிடக்கூடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி எனக் கொள்வோம். இரண்டு மணி நேரக் காத்திருப்பில் 30 கிலோமீட்டர் வழிக்கான பெட்ரோல் தீர்ந்துவிடுகின்றது. சென்னை அங்கிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அதில் ஐந்தில் இரண்டு பங்கு வழி, நின்ற இடத்திலேயே செலவாயிற்று!

ஓட்டுநரைக் குறை கூறுதல் எளிது. வெயிலில் நிற்கும் வண்டி அடுப்பாகக் காயுமன்றோ? அதனுள் அவர் எவ்வாறு அமர்ந்திருப்பார்? வண்டியை நிறுத்தச் சிறிது மரநிழலும், அவர் அமர ஒரு திண்ணையும், குடிக்க நீரும் இருந்திருப்பின் எஞ்சின் ஓய்ந்திருக்கும். கடைக்குள் அழைத்து அமரச் செய்திருந்தாலும் போதுமே!

மாலையில் குடும்பத்தினர் திரும்பி வருகின்றனர். ஓட்டுநர் முதலில் கதவுகளைத் திறந்து, தேங்கிய வெப்பத்தை வெளியேற்றுகின்றார். கூட்டம் மிகுந்த தெருக்களில் வண்டி மெல்லச் செல்லும்வரை, குளிர்சாதனத்தை இயக்காமல் சன்னல்களைத் திறந்துவைக்கின்றார். நெடுஞ்சாலையில் விரைவு மிகும்பொழுதோ, திறந்த சன்னல்களில் புகும் காற்று வண்டியைத் தடுத்து, அதுவும் பெட்ரோலைக் கூடுதலாக உண்ணும். ஆதலால் அங்கே சன்னல்களை மூடிக் குளிர்சாதனத்தை இயக்குகின்றார். மடியில் புடைவைப் பெட்டியுடன் பாட்டியார் கண்ணயர்கின்றார்.