வீட்டுப் பட்டறைக்கு எந்த லேத்?

கேள்வி: வீட்டுப் பட்டறைக்குச் சீன மினி லேத் வாங்கலாமா, உள்நாட்டு லேத்தா?

பதில்: இடமிருந்தால் உள்நாட்டு லேத்தே மேல். இரும்பைக் கடையும்போது துல்லியத்தைக் கெடுப்பது அதிர்வு. அதை அடக்குவது வார்ப்பிரும்பின் கனம். மேசைமேல் வைக்கும் சீன மினி லேத் சுமார் 40 கிலோ. ராஜ்கோட், பட்டாலாவில் செய்யும் உள்நாட்டு லேத்துகள் பல நூறு கிலோ. ஆழமாக வெட்டினால் இலகுவான பெட் அதிரும், கடைந்த பரப்பில் வரிவரியாகத் தடம் விழும். மினி லேத்தின் வேகக் கட்டுப்பாட்டு போர்டு பழுதானால் மாற்று வரும்வரை வேலை நிற்கும். உள்நாட்டு லேத்துக்கோ பெல்ட்டும் பேரிங்கும் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். ‘த்ரீ பேஸ் வேண்டுமே’ என்பீர்கள். சிங்கிள் பேஸ் மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். உள்நாட்டிலும் தரம் ஏறியிறங்கும் என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆகவே பணம் தருமுன் டயல் கேஜ் வைத்து ஸ்பிண்டிலின் ஆட்டத்தைப் பாருங்கள். மாடி வீடு, பித்தளை, அலுமினியச் சிறுவேலை மட்டும் என்றால் மினி லேத் போதும்.