மறைத்துக் காட்டும் கலை

காட்ட வேண்டுவதைக் காட்டுதற்கு, மறைக்க வேண்டுவதை மறைத்தல் இன்றியமையாதது. ஒரு படத்தினின்று வேண்டிய வடிவத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்கும் கலை இவ்வுண்மையின்மேல் எழுந்ததாகும். அக்கலையின் இயல்பையும், அது வளர்ந்த வரலாற்றையும், அதனால் விளையும் பயனையும் இப்பாடத்தில் காண்போம்.

குளத்தில் மலர்ந்த தாமரை ஒன்றின் படம் நம்மிடம் உள்ளதெனக் கொள்வோம். மலர் மட்டும் வேண்டும். நீரும் இலையும் வேண்டா. கத்தரிக்கோலால் மலரை வெட்டி எடுக்கலாம். ஆயின், வெட்டிய படம் மீண்டும் ஒன்றாகாது. கை சற்றே தவறினும் இதழ் அறுபடும். இதற்கு மற்றொரு வழியும் உண்டு. தடித்த கருந்தாள் ஒன்றில் மலரின் வடிவாகத் துளை செய்து, அத்தாளைப் படத்தின்மேல் வைத்தால் மலர் மட்டுமே புலப்படும், ஏனைய மறையும். தாளை அகற்றினால் படம் பழுதின்றி முன்போலவே விளங்கும். இத்தகைய தாளே மறைப்பு எனப்படும். வெட்டுதல் அழிக்கும், மறைத்தல் காக்கும். இவ்வேறுபாட்டை நன்கு நினைவிற் கொள்க.

நிழற்படக் கலைஞர் இம்முறையைத் தொடக்கக் காலத்திலேயே கையாண்டனர். இங்கிலாந்தில் வாழ்ந்த ஆஸ்கர் ரேலாண்டர் என்பார் 1857ஆம் ஆண்டில் 30க்கும் மேற்பட்ட நெகடிவ்களைக்கொண்டு ஒரே படத்தை அச்சிட்டார். ஒவ்வொன்றையும் அச்சிடும்போது, தாளின் பிற பகுதிகளில் ஒளி படாதவாறு மறைத்துக்கொண்டார். அமெரிக்க நாட்டில் எட்வின் போர்ட்டர் என்பார் 1903ஆம் ஆண்டில் ‘பெரும் இரயில் கொள்ளை’ என்னும் திரைப்படத்தை எடுத்தார். அதன் முதற்காட்சியில், தந்தி அலுவலகத்தின் சன்னல் வழியே இரயில் வண்டி வருவது தெரியும். உண்மையில் அறை வேறு, வண்டி வேறு. சன்னல் இருக்கும் இடத்தில் ஒளி படியாதபடி செய்து அறையை முதலில் படம் பிடித்தனர். பின்னர், அதே படச்சுருளில் ஒளி படியாதிருந்த அவ்விடத்தில் மட்டும் வண்டியின் படத்தைப் பதித்தனர்.

இக்காலத்தில் இப்பணியைக் கணிப்பொறி செய்கிறது. கணிப்பொறியில் உள்ள படம் எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆயது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவுகள் உண்டு. இம்மூன்றோடு நான்காவதாக ஓர் அளவையும் சேர்க்கலாம் என்று அமெரிக்கரான எட் காட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் 1977ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டனர். அந்தப் புள்ளி எவ்வளவு புலப்பட வேண்டும் என்பதைக் குறிக்கும் இவ்வளவுக்கு ஆல்பா என்று பெயரிட்டனர். ஆல்பா 1 ஆயின், புள்ளி மரப்பலகைபோல ஒளி புகாததாய்த் தன்னை மட்டும் காட்டும். 0 ஆயின், தெளிந்த கண்ணாடிபோலத் தான் மறைந்து பின்னுள்ளதைக் காட்டும். இடைப்பட்டதாயின், மெல்லிய துகில்போல ஒளி கசியும்.

இவ்விடைநிலையால் ஆவது யாது? தாமரையின் விளிம்பை உற்று நோக்குக. ஆங்குள்ள புள்ளி ஒன்றில் கால் பங்கு இதழாகவும், முக்கால் பங்கு வெளியாகவும் இருத்தல் கூடும். ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ மட்டும் கூறினால் விளிம்பு படிக்கட்டுப்போல் கரடுமுரடாகும். ஆகவே, அங்கே ஆல்பாவைக் கால் எனக் கொள்வர். இதழின் ஒளியளவு 200, மலரை வைக்கும் புதிய படத்தின் ஒளியளவு 100 எனின், 200இல் கால் பங்காகிய 50உம், 100இல் முக்கால் பங்காகிய 75உம் கூடி 125 ஆகும். மலரும் புதிய இடத்தோடு இயல்பாகப் பொருந்தும். இவ்வாறு படங்களை இணைக்கும் விதிகளைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் 1984ஆம் ஆண்டில் முறைப்படுத்தி வெளியிட்டனர். இப்போர்ட்டர் வேறு, முற்கூறிய போர்ட்டர் வேறு.

இக்கலை காட்சியின்பத்திற்கு மட்டும் உரியதன்று. உயிர் காக்கவும் உதவுவது. புற்றுநோய்க்குக் கதிர்மருத்துவம் செய்வோர், உடலின் உட்பகுதியைக் குறுக்குவெட்டாகக் காட்டும் படங்களில் கட்டியின் எல்லையைப் படந்தோறும் வரைந்து பிரித்துக்கொள்வர். எல்லை குறுகினால் நோய் எஞ்சும். மிகுந்தால் நல்லுறுப்புக்குக் கேடு விளையும். ஆதலின், கட்டியைச் சுற்றிச் சேர்க்க வேண்டிய இடத்தையும் அளந்தே சேர்ப்பர். விளிம்பைப் பிழையறக் காண்டல் எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

எனினும், எக்கலையும் நன்மைக்கும் தீமைக்கும் பொதுவானதே. ஒருவர் உருவத்தை ஓரிடத்தினின்று பிரித்து, அவர் ஒருநாளும் சென்றறியாத இடத்தில் நிற்பவர்போலக் காட்டவும் இதனால் இயலும். விளிம்பு எத்துணைச் செம்மையாக அமைகிறதோ, அத்துணை எளிதில் காண்போர் கண் ஏமாறும். ஆதலின், மாணவர்களே! படத்தைப் பிரிப்போராயின் மூலப்படத்தை அழியாது காத்து, இது பிரித்துச் சேர்த்தது என்பதை ஒளியாது கூறுங்கள். படத்தைக் காண்போராயின், இதில் காட்டப்பட்டது யாது என்பதோடு மறைக்கப்பட்டது யாது என்றும் வினவுங்கள். அவ்வினாவே உங்கள் அறிவுக்குக் காவலாகும்.