நாணற்பூ மீண்டும் பூக்கும்வரை

நுழையும்முன்

திரைப்படம் பார்த்து மகிழாதவர் அரியர். அதனைப் படைக்கும் கலையைக் கற்க விழைவோரும் பலர். ஆனால், கற்பிக்கும் பள்ளி இல்லை, கைப்பொருளும் இல்லை. அந்நிலையில் அக்கலை ஒருவருக்குக் கைவருமா? கொல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஓவியர் ஒருவரின் முயற்சி இவ்வினாவிற்கு விடை தருகிறது.

ஏட்டில் தொடங்கிய பயிற்சி

சத்யஜித் ராய் 1921ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிறந்தார். 1943இல் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். நூல்களுக்கு அட்டைப்படமும் வரைந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' என்னும் வங்காளப் புதினத்தின் சிறுவர் பதிப்பிற்கு ஓவியம் வரையும் பணி அவருக்குக் கிடைத்தது. ஏழைக் குடும்பத்துச் சிறுவன் அப்பு, அவன் அக்காள் துர்கா ஆகியோரின் கதை அது. ஓவியத்திற்காகப் படித்த கதை, அவர் உள்ளத்தில் படமாக விரியலாயிற்று.

திரைக்கலை கற்பிக்க அவருக்கு ஆசிரியர் எவரும் இலர். ஆகவே தமக்குத் தாமே ஒரு பயிற்சியை வகுத்துக்கொண்டார். கதை ஒன்று படமாகப் போகிறது என்னும் செய்தி அறிந்தால், அக்கதைக்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதுவார். படம் வெளிவந்ததும் அதனைப் பார்த்து, தம் எழுத்தோடு ஒப்பிடுவார். இவ்வாறு எழுதியும் ஒப்பிட்டும் தம் குறைகளைத் தாமே அறிந்தார்.

1947இல் நண்பர்களுடன் சேர்ந்து கொல்கத்தாத் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். 1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் தம் படத்திற்கு இடம் தேடி வங்காளம் வந்தபோது, அவருடன் சிற்றூர்களில் சுற்றினார். 1950இல் அலுவல் காரணமாக இலண்டன் சென்ற ராய், அங்கு 'சைக்கிள் திருடர்கள்' என்னும் இத்தாலியப் படத்தைக் கண்டார். நடித்துப் பழகாதவர்களைக் கொண்டும், அரங்கு அமைக்காமல் உண்மையான தெருக்களிலும் படம் எடுக்க இயலும் என்னும் துணிவு அவருக்குப் பிறந்தது.

சொல்லாமல் சொல்லுதல்

கதை எழுதுவோர், 'அவன் வருந்தினான்' என்று எழுதலாம். திரைக்கதை எழுதுவோர்க்கு அது போதாது. வருத்தத்தைப் படக்கருவி காண இயலாது. கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும் மட்டுமே திரைக்கதையில் இடம்பெறும்.

'பதேர் பாஞ்சாலி' படத்தில் இதற்குச் சிறந்த சான்று உண்டு. மணிமாலை ஒன்றைத் திருடியதாகத் துர்காவின்மேல் பழி விழுகிறது. அவள் மறுக்கிறாள். பின்னர் அவள் நோயுற்று இறக்கிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும்போது, வீட்டில் மறைந்திருந்த அம்மாலையை அப்பு கண்டெடுக்கிறான். ஒருவரிடமும் கூறாமல் அதனைக் குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெல்ல வந்து மூடிக்கொள்கிறது. அக்காளின் பெயரைத் தம்பி காத்துவிட்டான்! ஓர் உரையாடலும் இல்லை. வங்காளம் அறியாதவருக்கும் இக்காட்சி விளங்கும்.

களத்தில் கற்ற பாடம்

ராய் தம் படத்தின் காட்சிகளை ஓவியங்களாக வரைந்து, தயாரிப்பாளர்கள் பலரிடம் காட்டினார். எவரும் முன்வரவில்லை. எனவே கையிலிருந்த சிறுதொகையுடன் 1952 அக்டோபரில் தாமே படப்பிடிப்பைத் தொடங்கினார். வேலையை விடாமல் விடுமுறை நாள்களில் படம் எடுத்தார். ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ராவின் அகவை அப்போது இருபதைச் சற்றே கடந்திருந்தது. அவர் அதற்குமுன் திரைப்படக் கருவியை இயக்கியவர் அல்லர்.

முதல் நாள், நாணற்பூக்கள் நிறைந்த வெளியில் அப்பு தன் அக்காளைத் தேடி நடக்கவேண்டும். சிறுவனின் நடையில் இயல்பு இல்லை. ராய் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவன் நடக்கும் வழியில் சுள்ளிகளைப் போட்டுவைத்தார். வெவ்வேறு இடங்களிலிருந்து அவனை அழைக்கச் செய்தார். சிறுவன் சுள்ளிகளைத் தாண்டினான். குரல் வந்த பக்கம் திரும்பினான். நடை இயல்பாயிற்று. இயக்குதல் என்பது கட்டளையிடுவது மட்டுமன்று என்பதை ராய் அன்று கற்றார்.

அடுத்த வாரம் அங்கே சென்றபோது பூக்கள் இல்லை. மாடுகள் மேய்ந்துவிட்டன! காட்சியின் எஞ்சிய பகுதியை எடுக்க, மறு ஆண்டு நாணல் பூக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது.

பணமும் தீர்ந்தது. ராய் தம் இசைத்தட்டுகளை விற்றார். மனைவியின் நகைகள் அடகு சென்றன. படப்பிடிப்பு பல மாதங்கள் நின்றது. அவரை மூன்று கவலைகள் வாட்டின. அப்புவாக நடித்த சிறுவனின் குரல் உடைந்துவிடுமோ? துர்காவாக நடித்த சிறுமி வளர்ந்துவிடுவாளோ? முதிய அத்தையாக நடித்த, எண்பது வயதை எட்டிய சுனிபாலா தேவி அதுவரை உயிருடன் இருப்பாரோ? மூன்றும் நிகழவில்லை. இறுதியில் மேற்கு வங்காள அரசு பொருளுதவி அளித்தது. 1955இல் படம் வெளிவந்தது. 1956இல் கான் திரைப்பட விழாவில் 'சிறந்த மனித ஆவணம்' என்னும் சிறப்பைப் பெற்றது.

பணம் வரும்வரை அவர் கற்பதற்குக் காத்திருக்கவில்லை. ஆனால் பூ பூக்கும்வரை காத்திருந்தார். எதற்குக் காத்திருக்க வேண்டும், எதற்குக் காத்திருக்கக் கூடாது என அறிவதும் இக்கலையின் ஒரு பகுதியே ஆகும்.

சொற்பொருள்

விழைவோர் – விரும்புவோர்
புதினம் – நாவல்
அகவை – வயது
சுள்ளி – காய்ந்த சிறு குச்சி
எஞ்சிய – மீதியுள்ள

வினாக்கள்

1. ராய் தமக்கு வகுத்துக்கொண்ட திரைக்கதைப் பயிற்சி யாது?
2. சிறுவனின் நடையை இயல்பாக்க ராய் கையாண்ட வழியை எழுதுக.
3. அப்பு மாலையைக் குளத்தில் எறிந்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. பிரித்து எழுதுக: நாணற்பூ, அந்நிலை, கைப்பொருள்.

செய்து பழகுக

விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் பேரனைப் பாட்டி தொடர்வண்டி நிலையத்தில் வழியனுப்புகிறார். இக்காட்சியைப் பத்து வரிகளில் எழுதுக. 'வருந்தினார்', 'அழுதார்' என்னும் சொற்கள் வரக்கூடாது. பாட்டியின் கைகள் என்ன செய்கின்றன? வண்டி நகர்ந்தபின் நடைமேடையில் என்ன ஒலி கேட்கிறது? எழுதியபின் நண்பரின் ஏட்டுடன் ஒப்பிட்டு, ஒருமுறை திருத்தி எழுதுக.