விண்வெளி: போருக்கா, அறிவுக்கா?

‘ராக்கெட்’ என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது நிலவில் காலடி பதித்த மனிதனின் படமே. ஆனால் விண்வெளியின் விளிம்பை முதன்முதலில் தொட்ட ராக்கெட் நிலவுக்காகச் செய்யப்பட்டதன்று. ஜெர்மனியில் பீனமுண்டே என்னும் கடலோரத் தளத்திலிருந்து 1942 அக்டோபர் 3ஆம் நாள் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னர் வி-2 என்ற பெயருடன் 1944 செப்டம்பர் முதல் லண்டன் மீதும் ஆன்ட்வெர்ப் மீதும் வெடிகுண்டைச் சுமந்து விழுந்தது. அதனை உற்பத்தி செய்வதற்காக மலைச் சுரங்கங்களில் அடிமைகளாக உழைத்த கைதிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அந்த ராக்கெட்டை வடிவமைத்த குழுவின் தலைவர் வெர்னர் ஃபான் பிரௌன். போருக்குப் பின் அமெரிக்கா சென்ற இவரே, 1969 ஜூலையில் மனிதரை நிலவுக்கு ஏற்றிச் சென்ற சாட்டர்ன்-5 ராக்கெட்டை உருவாக்கும் பணிக்கும் தலைமை தாங்கினார்.

சோவியத் நாட்டிலும் இதே கதைதான். அணுகுண்டைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு செல்வதற்கென்று கட்டப்பட்ட ஆர்-7 ராக்கெட், 1957 ஆகஸ்டில் வெற்றிகரமாகப் பறந்தது. அதே அக்டோபர் 4ஆம் நாள், குண்டுக்குப் பதிலாக 83.6 கிலோ எடையுள்ள ஓர் உலோகப் பந்தை அதன் தலையில் வைத்து அனுப்பினார்கள். அதுவே ஸ்புட்னிக். 1961இல் யூரி ககாரின் பறந்த வோஸ்டாக் கலத்தின் உடலும், செனித் என்ற உளவுக் கோளின் உடலும் ஒரே வடிவமைப்பில் பிறந்தவை. ஒன்றில் மனிதன் அமர்ந்தான். மற்றொன்றில் அவ்விடத்தில் காமிராக்கள் அமர்ந்தன!

அப்படியானால் இராணுவ விண்வெளி வேறு, அறிவியல் விண்வெளி வேறு என்று கோடு கிழிக்க முடியுமா? அமெரிக்கா சட்டத்தின் மூலமே அதற்கு முயன்றது. முன்னாள் படைத்தளபதியான குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர், 1958 ஜூலையில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அமைதிக்கான ஆராய்ச்சி நாசா என்னும் பொதுமக்கள் நிறுவனத்துக்கு. ஆயுதமும் பாதுகாப்பும் இராணுவத் துறைக்கு. தாளில் கோடு நேராகத்தான் இருந்தது. வானத்திலோ அப்படி இல்லை.

1959 முதல் அமெரிக்கா ‘டிஸ்கவரர்’ என்ற வரிசையில் செயற்கைக் கோள்களை ஏவியது. இவை அறிவியல் ஆராய்ச்சிக்கானவை என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உண்மையில் இதன் இரகசியப் பெயர் ‘கொரோனா’. சோவியத் நாட்டை மேலிருந்து படம் பிடிப்பதே வேலை. அக்காலத்தில் படத்தை வானொலி அலையாக அனுப்பும் முறை இதற்குப் போதுமான அளவு வளரவில்லை. எனவே ஃபிலிம் சுருளையே ஒரு சிமிழில் வைத்துக் கீழே போட்டார்கள். அது பாராசூட்டில் மிதந்து வரும்போது, கொக்கி கட்டிய கயிறுகளைப் பின்னால் தொங்கவிட்ட விமானம் ஒன்று நடுவானில் அதைப் பிடிக்க வேண்டும்! ஒரு டஜன் முறை தோல்வி. இறுதியில் 1960 ஆகஸ்ட் 19ஆம் நாள் பசிபிக் கடலின் மேல் டிஸ்கவரர்-14இன் சிமிழ் பிடிபட்டது. அதுவரை யு-2 உளவு விமானங்கள் அனைத்தும் சேர்ந்து எடுத்ததைவிட அதிகமான நிலப்பரப்பு அந்த ஒரே சுருளில் இருந்தது.

அதனால் என்ன விளைந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. சோவியத் நாட்டிடம் ஏவுகணைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன என்று அமெரிக்காவில் பெரும் அச்சம் நிலவிய காலம் அது. படங்களை எண்ணிப் பார்த்தபோது, அஞ்சிய அளவில் மிகச் சிறு பகுதியே இருந்தது என்று தெரிந்தது. ஒளிந்திருந்து பார்ப்பது நற்பழக்கம் அன்று என்றே நமக்குச் சொல்லித் தரப்படுகிறது. ஆயினும் இந்த ஒளிந்து பார்த்தல் ஒரு பொய்யான அச்சத்தைக் குறைத்தது என்பதை மறுக்க முடியவில்லை.

ஆனால் அந்தப் படங்கள் இருந்ததே 1995 வரை பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் பெட்டியில் கிடந்தன. அவை வெளியானபின் அவற்றை ஆவலுடன் எடுத்துக்கொண்டவர்கள் யார் தெரியுமா? தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள்! சிரியா, ஈராக் போன்ற நாடுகளில் அணை நீரில் மூழ்கியும் நகரங்கள் பெருகியும் மறைந்துபோன பழைய மேடுகளும் பாதைகளும் அப்படங்களில் அப்படியே தெரிந்தன.

இரகசியத்தின் விலையை இன்னும் தெளிவாகக் காட்டுவது ‘வேலா’ கோள்களின் கதை. வானத்தில் அணுகுண்டு சோதனை செய்யக் கூடாது என்ற உடன்படிக்கை 1963இல் ஏற்பட்டது. யாராவது மீறுகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்க இராணுவம் இக்கோள்களை இரண்டிரண்டாக ஏவியது. அணுகுண்டு வெடித்தால் காமாக் கதிர் வீசும். அதை இவை உணரும். 1967 ஜூலை 2ஆம் நாள் ஒரு காமாக் கதிர் வீச்சு பதிவாயிற்று. ஆனால் அதன் வடிவம் குண்டுக்குரியதாக இல்லை. அடுத்தடுத்து இப்படிப் பல பதிவாயின. பல கோள்களை அவை வந்தடைந்த நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, இவை பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்று லாஸ் அலமோஸ் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். 1973இல்தான் அதை வெளியிட்டனர். அதன் பின் உலகெங்கும் விஞ்ஞானிகள் அப்புதிரை ஆராய்ந்தார்கள். 1997இல் இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து ஏவிய பெப்போசாக்ஸ் என்ற கோளின் உதவியால், இவை கோடானுகோடி மைல்களுக்கு அப்பாலுள்ள அண்டங்களிலிருந்து வருபவை என்று உறுதியாயிற்று. குண்டைத் தேடியவன் கண்ணில் பட்டது வானத்தின் மிகப் பெரிய வெடிப்பு. ஆனால் அது இன்னதென்று விளங்கியது, எல்லோரும் படிக்கும்படி எழுதிய பிறகுதான்.

இதைப் பற்றி வீட்டில் பேசியபோது என் தந்தையார், “இராணுவப் பணம் இல்லையென்றால் ராக்கெட்டே இல்லையம்மா” என்றார். அது உண்மைதான். கைப்பேசியில் வழி காட்டும் ஜி.பி.எஸ்.கூட இராணுவம் 1978 முதல் ஏவிய கோள்களால் வந்ததே. ஆயினும் பணம் சென்ற இடமெல்லாம் பயன் விளையவில்லை என்பதையும் நான் அவரிடம் சொன்னேன். வீரர்களை விண்வெளியில் வைத்து உளவு பார்க்க அமெரிக்க விமானப் படை தீட்டிய ஆய்வுக்கூடத் திட்டம், ஒருவரைக்கூட அனுப்பாமலே 1969இல் கைவிடப்பட்டது. சோவியத் நாடு 1974இல் சல்யூட்-3 நிலையத்தில் பீரங்கியே பொருத்தியது. ஆளில்லாத வேளையில் சுட்டுப் பார்த்ததோடு சரி. காமிராவே போதும் என்னும்போது காவலாளியை எதற்கு ஏற்றுவது?

2012இல் வெளியான ஒரு செய்தியும் என்னைச் சிந்திக்க வைத்தது. அமெரிக்க உளவுத் துறை தனக்குத் தேவைப்படாத இரண்டு தொலைநோக்கிகளை நாசாவுக்கு இலவசமாக வழங்கியது. ஒவ்வொன்றின் கண்ணாடியும் 2.4 மீட்டர் அகலம். புகழ்பெற்ற ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடி அளவேதான்! விஞ்ஞானிகள் பல்லாண்டு மன்றாடிப் பெற்ற ஒன்று, மறுபுறம் உபரியாகக் கிடந்திருக்கிறது. அவற்றில் ஒன்றைக் கொண்டு உருவான விண்நோக்கிக்கு, நாசாவில் வானியல் துறையின் முதல் தலைவராக விளங்கிய நான்சி கிரேஸ் ரோமன் என்ற பெண்மணியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். கேரளத்தில் தும்பா என்னும் மீனவச் சிற்றூரில் மக்தலா மரியாள் ஆலயத்தை, பீட்டர் பெர்னார்ட் பெரைரா ஆண்டகை மக்களின் இசைவுடன் விஞ்ஞானி விக்ரம் சாராபாயிடம் ஒப்படைத்த வரலாற்றைப் பலரும் அறிவர். 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட் உயர்ந்தது. வளிமண்டல ஆராய்ச்சிக்காக ஏவப்பட்ட அந்த நைக்-அப்பாச்சி ராக்கெட்டின் அடிப்பகுதி, அமெரிக்க விமான எதிர்ப்பு ஏவுகணையிலிருந்து வந்ததே. பின்னாளில் இது எதிர்த் திசையிலும் நடந்தது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் தலைமையில் 1980இல் ரோகிணிக் கோளைச் சுமந்த எஸ்.எல்.வி-3இன் முதல் கட்டம், 1989இல் பறந்த அக்னி ஏவுகணைக்கு அடித்தளமாயிற்று.

1967இல் ஏற்பட்ட விண்வெளி உடன்படிக்கை, பேரழிவு ஆயுதங்களைப் பூமியைச் சுற்றி நிறுத்தக் கூடாது என்கிறது. பிற ஆயுதங்களைப் பற்றி அது இவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. ஆகவே 2007இல் சீனா தன் பழைய கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்தது; கண்காணிக்கத்தக்க துண்டுகளே மூவாயிரத்துக்கும் மேல் சிதறின. 2019இல் நம் நாடும் ஒரு கோளைச் சுட்டது. சுமார் 300 கிலோமீட்டர் என்ற தாழ்ந்த உயரத்தில் சுட்டதால் பெரும்பாலான துண்டுகள் விரைவில் விழுந்து எரிந்தன என்பது ஓர் ஆறுதல். ஆனாலும், செய்யாமலிருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2021 நவம்பர் 15ஆம் நாள் ரஷ்யா தன் பழைய உளவுக் கோளான காஸ்மாஸ்-1408ஐத் தகர்த்தபோது, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் பறந்தன. அவ்வேளையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் எழுவர் இருந்தனர்: அமெரிக்கர் நால்வர், ஜெர்மானியர் ஒருவர், ரஷ்யர் இருவர். அனைவரும் தாங்கள் வந்த கலங்களுக்குள் புகுந்து கதவடைத்துக் காத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில், அதே கோளின் துண்டு ஒன்றுக்கு வழிவிடுவதற்காக நிலையத்தின் பாதையையே சற்று மாற்ற வேண்டியதாயிற்று. நிலையத்தை அப்படி நகர்த்தியது, அதனுடன் இணைந்திருந்த ரஷ்யச் சரக்குக் கலத்தின் எஞ்சின்.